நான் கழுவிய எட்வர்டு ரூபாய்

ஒரு பெண்ணுக்குத் திருடி என்று பெயர் வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. பங்கு என்று சொல்வதுகூடத் தப்பித்துக்கொள்ளும் பேச்சுதான். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே என் கை. நான் அவரைத் திட்டவில்லை, சாட்சி சொல்லவும் இல்லை. அவரிடமிருந்த ஒரு பழைய வெள்ளி ரூபாயை வாங்கிப் பளபளவென்று கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் சங்கத்து இளைஞர்கள். கோவையில் பழைய பிரிட்டிஷ் காசு சேர்ப்பவர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். அதில் ஒரு தம்பி, தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் சின்ன மின்தொட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். கருத்துப்போன விக்டோரியா ரூபாயை உள்ளே போட்டு, புதுக்காசாக வெளியே எடுக்கும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரே கைதட்டல். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "சார், நீங்க பிளேட்டிங்ல இருந்தவரு. காசை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு நம்ம ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க."

சரி என்று உட்கார்ந்தேன். 'வெந்நீர், சலவைச் சோடா' என்று எழுதியதும் எழுந்துவிடுகிறேன். மாடிக்குப் போகிறேன், இறங்கி வருகிறேன், ஃபேனை நிறுத்துகிறேன், மறுபடி போடுகிறேன். "ஏனுங்க, காலுல சக்கரமா கட்டியிருக்குது?" என்கிறாள் மனைவி சாந்தா. நடந்ததை எழுதாமல் அந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது என்று தெரிந்துபோனது.

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். பம்பு, மோட்டார் உதிரிகளுக்கு நிக்கல், துத்தநாகம், எப்போதாவது வெள்ளி. வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமிலம் தெறித்துச் சட்டை ஓட்டையானது, விரல் நுனி மஞ்சளானது, மூக்கு எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று தானாகச் சொல்லத் தொடங்கியது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு கரீம் பாய். கோட்டைமேட்டுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை கூடும். "என்னப்பா" என்றால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். "என்னங்க" என்றால் கவனம். "என்னங்க சார், சொல்லுங்க" என்றால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள்.

அவருடைய ராஜ்யம் ஜன்னலோரம் இருந்த ஒரு மேசை. வாங்கியவர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் சாமான்கள் அங்கேதான் வரும். முலாம் உரிந்தது, கொப்புளம் கிளம்பியது, துரு பூத்தது. அந்த மேசைக்கு ஒரு முறை உண்டு. வந்த காகிதத்தோடு அப்படியே வைக்க வேண்டும். முதலில் கையைக் கட்டிக்கொண்டு வெறும் கண்ணால் பார்ப்பது. பிறகு முகர்வது. பிறகு லென்ஸ். பிறகு நகம். அதற்குப் பிறகுதான் தண்ணீர். எண்ணெய் போக்கும் திரவம் அதற்கும் பின்னால், அமிலம் எல்லாவற்றுக்கும் கடைசி. அமிலத்தில் போட்டால் தப்பு யாருடையது என்பதும் சேர்ந்து கரைந்துபோகும் என்பார்.

ஒருமுறை ஒரு பெட்டி நிறைய, பம்புக்குள் மாட்டும் புஷ் வளையங்கள் திரும்பி வந்தன. மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பாய் வருவதற்குள் வேலையை முடித்துவைப்போம் என்று நான் ஒவ்வொன்றாகத் துடைத்து அழகாக அடுக்கிவிட்டேன். பாய் வந்தார், பார்த்தார். நான் துடைத்த துணியை எடுத்து என் முன்னால் மெதுவாக விரித்தார்.

"சார், இது நம்ம தொட்டில வந்த உப்பா, அவங்க குடோன்ல ஏறுன ஈரமா?"

"தெரியலீங்க பாய்."

"இந்தத் துணிகிட்டக் கேளுங்க. அதுக்குத்தான் தெரியும்."

அந்தப் பெட்டியின் நஷ்டம் எங்கள் தலையில் விழுந்தது. பட்டறையில் இருந்தவர்கள் ஒரு மாதம் என்னைப் பார்த்தாலே கைக்குட்டையை எடுத்து, "ஏனுங்க துணி, சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தார்கள்.

காசுப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவரும் பாய்தான். ஞாயிறு காலை உக்கடத்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் குந்தவைத்து உட்கார்ந்து, பூட்டுக்கும் விளக்குக்கும் நடுவே வெள்ளைக்காரன் காலத்து ரூபாய்களைத் தேடுவோம். காசைப் பார்ப்பதிலும் அவருக்கு அதே மேசை முறைதான். ரூபாயில் முதலில் தேய்வது மேடான இடங்கள். விக்டோரியாவுக்குக் கன்னமும் பின்னலும். மகுடம் இல்லாத எட்வர்டுக்குக் காதும் தாடியும். ஐந்தாம் ஜார்ஜுக்கு மார்புச் சங்கிலியில் தொங்கும் குட்டி யானை. அவற்றைப் பார்த்தால் அந்தக் காசு எத்தனை கை மாறியது, எங்கே கிடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பிறகு விளிம்பு, பிறகு எடை. அழுக்கை மட்டும் தொடவே கூடாது.

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் வியாபாரி ஒருவர் மெத்தை மேல் காசுகளைப் பரப்பியிருந்தார். ஒரு விக்டோரியாவைத் தூக்கிக் காட்டி, "பாய், கண்ணாடியாட்டம் மின்னுது பாருங்க" என்றார். பாய் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "ஆமாங்க. என் மூஞ்சி தெரியுது. அந்தம்மா மூஞ்சிதான் தெரியலை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சாந்தாவின் அண்ணனுக்கு அந்தியூர்ப் பக்கம் தோட்டம். மஞ்சள் வெள்ளாமை. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மஞ்சள் வெட்டுச் சமயத்தில் நாங்கள் இருவரும் அங்கே போய்த் தங்கியிருந்தோம். மச்சான் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி, வாய் மட்டும் முந்தும். அவர்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு மரப்பெட்டியில் வெள்ளி ரூபாய்கள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா அவற்றைத் திருநீறு போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைப்பார். அவருடைய மாமியார் காலத்திலிருந்து நடக்கிறது. சங்கத்துக்காரன் கண்ணால் பார்த்தால் அவ்வளவும் மொழுமொழுவென்று தேய்ந்த காசுகள். பெட்டியில் எத்தனை காசு இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சாமி காசை எண்ணக் கூடாது என்று ஒரு வழக்கம்.

பாவாயி அந்தத் தோட்டத்தில் நெடுநாளாக வேலை செய்தவர். கிழங்கு வெட்டவும் வருவார், வீட்டு வாசலும் கூட்டுவார். அன்று மத்தியானம் வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பையைப் பிரித்தபோது ஒரு ரூபாய் கீழே விழுந்து உருண்டது. அக்கா பார்த்துவிட்டார்.

"ஏது இது? எங்க சாமி காசாட்ட இருக்குது!"

"மஞ்சக்காட்டுல கெடச்சதுங்கம்மா. கெழங்கை ஒதறையில மண்ணோட வுழுந்துச்சு. பேத்திக்கு அரைஞாண்ல கோத்துவுடலாமுன்னு எடுத்து வெச்சனுங்க."

"காட்டுல காசு காய்க்குதா? எங்களுக்கெல்லாம் ஒருநாளும் கெடைக்கலையே!"

சத்தம் கேட்டு வேலையாட்கள் கூடிவிட்டார்கள். மச்சானுக்குச் சங்கடம். காசை ஒரு சில்வர் தட்டத்தில் போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "மாப்ள, காசுல நீங்க பெரிய ஆளு. நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க."

பாவாயி முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதுதான் என்னை இன்றைக்கும் உட்காரவிடாமல் துரத்துகிறது. "ஆமாங்கையா. நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிம்மதியாக ஓரத்தில் நின்றார்.

பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது. காசு கரிக்கட்டை போல் கருத்திருந்தது. ஒரு பக்கம் பச்சை பூத்து மண்ணோடு இறுகியிருந்தது. எழுத்துகளுக்கு நடுவே செம்மண். விளிம்பில் ஒரு வேர்த் தும்பு ஒட்டிக் காய்ந்திருந்தது. வாராவாரம் திருநீறு போட்டுத் தேய்க்கும் காசில் இது எதுவும் ஏற முடியாது. "இது மண்ணுக்குள்ள கெடந்த காசுங்க" என்று அப்போதே சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எனக்கு உள்ளே எந்த ராஜா இருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. கை பரபரத்தது. சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள், எல்லார் கண்ணும் என் மேல். வித்தை காட்டும் ஆசையும் சேர்ந்துகொண்டது. வெந்நீர் கேட்டேன், சோடா கேட்டேன், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் கேட்டேன். பேசினில் தாளை விரித்துக் காசை அதன் மேல் வைத்துச் சோடாத் தண்ணீரை ஊற்றினேன். நுரைத்தது. அழுகின முட்டை வாடை எழுந்தது. "கருமம், என்னுங்க இந்த நாத்தம்!" என்று அக்கா மூக்கைப் பொத்தினார். ஆட்கள் சிரித்தார்கள், பாவாயியும் சிரித்தார். மண் இளகித் தண்ணீர் செங்கலங்கலானது. மிச்சமிருந்த பச்சையை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் எடுத்தேன்.

எட்வர்டு வெளியே வந்தார். காது மடிப்பு மடிப்பாக நின்றது. தாடியில் மயிரை மயிராகப் பிரிக்கலாம். புழங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே யாரோ தொலைத்து, மண் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அப்படியொரு காசை அதற்கு முன் நான் கையில் பிடித்ததில்லை. அந்த நிமிடம் என்னைச் சுற்றி யாரும் இருந்ததாகவே நினைவில்லை.

அதற்குள் அக்கா சாமிப் பெட்டியைக் கொண்டுவந்து தட்டத்தில் கொட்டிவிட்டார். அதிலும் எட்வர்டு ரூபாய்கள் இருந்தன. "இதா பாருங்க, அதே மொட்டைத் தலை ராசா! ஏனுங்க, ரெண்டும் ஒரே காசுதானுங்களே?"

"ஒரே காசுதானுங்க. எட்வர்டு ரூபாய்" என்றேன்.

சொன்னது உண்மை. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் அதைச் சொன்னேன். பெட்டிக் காசுகளில் காது வெறும் மேடு, தாடி வழுவழுப்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கண் தெரியாதவர்கூட விரலால் வித்தியாசம் சொல்லலாம். ஆனால் பெண் எடுத்த வீட்டில், வேலையாட்கள் முன்னால், அக்கா சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு சாக்குச் சொன்னது. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

பாவாயி முன்னால் வந்தார். "ஐயா, அதுல மண்ணு இருந்துச்சுங்களே. நீங்கதானுங்க கழுவுனீங்க. மண்ணைப் பாத்தீங்கல்ல?"

நான் பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கறிவேப்பிலைச் செடியின் அடியில் தண்ணீரை ஊற்றினேன். அந்தச் செங்கலங்கல்தான் அவருக்கு இருந்த கடைசி சாட்சி. திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். மறுநாள் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊரில் 'சாமி காசு பாவாயி' என்று பெயர் விழுந்தது. பக்கத்துத் தோட்டங்களில் வாசலுக்குள் விடவில்லை. பிழைக்க வழியில்லாமல் பவானியில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

அந்தக் காசும் என்னிடமே வந்தது. "திருட்டுக் கை பட்டது சாமிக்கு ஆகாது. நீங்களே வெச்சுக்கோங்க" என்று அக்கா கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். ஆல்பத்தில் நல்ல இடம் பார்த்துச் செருகினேன்.

அதன் பிறகு சரியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு மஞ்சள் வெட்டு கடந்தது. ஒருநாள் கரீம் பாய் வீட்டுக்கு ஆல்பத்தோடு போயிருந்தேன். கண் மங்கியிருந்தாலும் லென்ஸை விடவில்லை அவர். எட்வர்டைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"எங்கேப்பா புடிச்ச?"

"மச்சான் வீட்டுச் சாமி காசுங்க பாய்."

லென்ஸை மறுபடி வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. "இந்தத் தாடியை எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் தேய்க்கலீங்க. மண்ணுல தூங்குன காசு. பின்பக்கத்து மகுடத்துக்குள்ள ஒரு பொட்டுச் செம்மண் இன்னும் இருக்குது. கழுவறதுக்கு முந்திப் பாத்தீங்களா?"

'ப்பா' போய் 'ங்க' வந்ததைக் கவனித்தேன். முழுவதையும் சொன்னேன். முடித்ததும் லென்ஸை மடக்கி உறையில் போட்டார்.

"இதை எதுக்குங்க சார் எங்கிட்ட சொல்றீங்க? நான் என்ன, அந்தியூரா?"

அடுத்த நாள் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் இருப்புக் கொள்ளவில்லை. சத்தியமங்கலத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட எழுந்து நின்றேன். மச்சான் வீட்டில் சோறு சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப நான் பொய்க்காரியாங்க?" என்று கேட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "ஆறிப்போனதை எதுக்கு மாப்ள கிளறோணும்?"

"ஆறினது நமக்குங்க மச்சான்" என்றேன்.

களத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். டீ நேரம். முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு எட்வர்டு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். அக்காவுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். இரண்டு காசையும் ஆளாளுக்குக் கொடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று வழுக்கியது, ஒன்று சொரசொரத்தது. "இது சாமி காசு. இது காட்டுக் காசு. பாவாயி சொன்னது நெசம். எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் காசைத் திருப்பிக் கொடுத்தார். "அன்னைக்கே இந்த வெரலைக் கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்பமுங்களே" என்றார். அவரும் அன்றைக்கு இருந்தவர்தான்.

பவானிக்குப் போனேன். பாவாயி சாயப் பட்டறைக்குப் பக்கத்தில் மகளோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் பட்டது. காசை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இல்லீங்க. என்னுது கருப்புக் காசு."

"அதேதாம்மா. நான் கழுவினது."

"நீங்க சொல்றீங்க." மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஊருல சொல்லிப்போட்டீங்களா?"

சொன்னதைச் சொன்னேன். களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அந்தம்மா?"

"ஒத்துக்கலைங்க."

"எனக்குக் காசு வேண்டாமுங்க. என் கை பட்டது சாமிக்கு ஆகாதுன்னாங்களாமே. அந்தப் பொட்டியை அவங்க கையால தொறக்கோணும். என் கையால இதை நான் உள்ள போடோணும். அது வரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."

அன்றிலிருந்து இதுதான் என் வேலை. அக்கா பெட்டியைத் திறப்பாரா என்று வாராவாரம் மச்சானுக்குப் போன் செய்து கேட்கிறேன். மச்சான் சலித்துக்கொள்கிறார். அவர்கள் பேரன் காது குத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. சாந்தா என்னோடு சில நாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அவளே, "இந்த வாரம் கேட்டாச்சுங்களா?" என்று நினைவுபடுத்தத் தொடங்கினாள். கேட்ட பதிலைப் பாவாயிக்கும் போனில் சொல்லிவிடுவேன். "சரிங்க. நீங்க கேட்டுட்டே இருங்க" என்று வைத்துவிடுவார். இரக்கம் காட்டுவதில்லை. காட்ட வேண்டியதும் இல்லை.

போன வாரம் போனை எடுத்தது அக்கா. இத்தனை நாளில் முதல்முறை. நான் வழக்கம்போலக் கேட்டேன். அவர் போனை வைக்கவில்லை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "அவ இப்ப எங்க இருக்கறா?" என்றார். "பவானிங்க அக்கா, மகள் வீட்டுல" என்றேன். போன் வைக்கப்பட்டது.

உடனே பாவாயியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஊரு பேரை மட்டும் சொன்னீங்களாக்கும்? அந்தம்மா வர்றதுக்கு எந்த பஸ்ஸு, எங்க எறங்கோணும்னு அதையும் சேத்துச் சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே" என்றார் பாவாயி.